லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி: ஒரே தெருவில் போய்ப் பார்த்தால் புரியும்

மகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரியா, அங்கே எப்படிப்பட்ட மக்கள், என்ன தொழில், வாழ்க்கை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தேடிப் பார்த்ததில் சராசரிக் கணக்குகள்தான் கிடைத்தன, ஒன்றும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிடிபடாதது உங்கள் தப்பு இல்லை. அந்தச் சராசரி சொல்லும் ஆளை, இங்கே இருக்கும் இத்தனை வருடத்தில் நானே சந்தித்ததில்லை.

இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,00,14,009 பேர். அமெரிக்காவின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளில் இதுதான் பெரியது. 50 மாநிலங்களில் 40 மாநிலங்கள் மக்கள்தொகையில் இதைவிடச் சின்னவை. அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்து, இப்போதைய மதிப்பீடு 97 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நிலப்பரப்பு சுமார் 10,500 சதுர கிலோமீட்டர். ஹிஸ்பானியர், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், 48 சதவீதம், வெள்ளையர் நான்கில் ஒரு பங்கு, ஆசியர் 15 சதவீதம், கறுப்பினத்தவர் 8 சதவீதம். மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம் அல்லாத மொழி. ஒரு குடும்பத்தின் நடுத்தர ஆண்டு வருமானம் 87,000 டாலருக்குச் சற்று மேல். வீட்டின் நடுத்தர விலை 8 லட்சம் டாலருக்குப் பக்கத்தில். கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஊரின் தலைவலிகளில் பாதி அந்த இடைவெளியில் இருக்கிறது.

சரி, கவுண்டி என்றால் மாவட்டமா? வரைபடத்தில் பார்த்தால் ஆமாம். ஆட்சியில் இல்லை. இங்கே அரசு அனுப்பிவைக்கும் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் இருக்கிறார்கள், சூப்பர்வைசர் என்று பெயர். விதி போடுவதும் அவர்கள், அதை நடத்துவதும் அவர்கள். ஷெரிப் (கவுண்டிப் போலீசின் தலைவர்), அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டு அதிகாரி மூவரும் தனித்தனியாகத் தேர்தலில் நின்று வருகிறவர்கள். கவுண்டிக்குச் சாசனம் எழுதியது 1912இல். அப்போது இங்கே 5 லட்சம் பேர். ஐந்து சூப்பர்வைசர் போதுமானதாக இருந்திருக்கும். இன்றைக்கு ஒரு சூப்பர்வைசருக்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கே இங்கே 7.6 லட்சம் பேர்தான். ‘ஐந்து குட்டி ராஜாக்கள்’ என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தது சும்மா இல்லை. ராஜாக்கள் எல்லாம் வெள்ளை ஆண்களாகவே இருந்த காலம் வெகுகாலம் நீடித்தது. தொகுதி எல்லையை லத்தீன் அமெரிக்க மக்களின் ஓட்டைப் பிரிக்கும்படி வரைந்திருக்கிறார்கள் என்று 1990இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், 1991இல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்ணான குளோரியா மொலினா ஜெயித்து உள்ளே வந்தார். 2020 டிசம்பரிலிருந்து ஐந்து பேருமே பெண்கள். இனி ஒன்பது பேர் வேண்டும், தலைமை நிர்வாகியையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒன்பது பேர் வர 2032 ஆகிவிடும்.

இந்தக் கவுண்டிக்குள் 88 நகரங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அதில் ஒன்று, 39 லட்சம் பேர். மீதி 87க்கும் தனித்தனி நகரசபை. எந்த நகரத்திலும் சேராத பகுதிகளும் உண்டு, அவற்றில் மட்டும் பத்து லட்சம் பேர். அவர்களுக்கு மேயர் இல்லை; குப்பைக்கும் ரோட்டுக்கும் போலீசுக்கும் கவுண்டிதான் நேரடியாகப் பொறுப்பு. நம்மூர்ப் பழக்கத்தில் சொன்னால், மாநகராட்சிகளுக்கு நடுவில் எந்த உள்ளாட்சியிலும் சேராமல் விட்டுப்போன வார்டுகள்.

இதையெல்லாம் எழுத்தில் விளக்குவதைவிட ஒரு தெருவில் கூட்டிக்கொண்டு போவது சுலபம். அட்லாண்டிக் பொலிவார்ட் என்று ஒரு சாலை. வடக்கே அல்ஹாம்ப்ராவில் தொடங்கித் தெற்கே லாங் பீச்சில் கடல் தெரியும்வரை போகிறது. ஃப்ரீவேயில் ஏறாமல் சிக்னல் சிக்னலாக நின்று போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இங்கே புதிதாக வருகிற சொந்தக்காரர்களை ஹாலிவுட் எழுத்தைக் காட்ட அழைத்துப் போவதற்கு முன் நான் இந்தச் சாலையில்தான் கூட்டிப் போவேன். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்!

முதலில் மான்டரே பார்க். கடைப்பலகை எல்லாம் சீன எழுத்து. 1970களில் ஒரு ரியல் எஸ்டேட்காரர் தைவான், ஹாங்காங் பத்திரிகைகளில் இந்த ஊரைச் ‘சீனர்களின் பெவர்லி ஹில்ஸ்’ என்று விளம்பரம் செய்தார். பெவர்லி ஹில்ஸ் என்றால் இங்கே பணக்காரர்களின் ஊர். சொல்லி வைத்தாற்போல ஆட்கள் வந்தார்கள், பணத்தோடும் வந்தார்கள். பலகையில் ஆங்கிலம்தான் இருக்க வேண்டும் என்று 1980களில் பழைய குடியினர் கிளப்பிய சண்டை ஊரையே இரண்டாக்கியது. 1990 கணக்கெடுப்பில் ஆசியர்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் ஆசியர் பெரும்பான்மையான முதல் நகரம் என்ற பெயர் இதற்கு. ஏழையாக வந்து ஒண்டுக்குடித்தனத்தில் தொடங்கி மேலே ஏறுவதுதான் குடியேறியின் வழி என்ற பழைய கதையை உடைத்த ஊர் இது. இவர்கள் நேராகப் புறநகர் வீட்டுக்கே வந்து இறங்கினார்கள்.

ஃப்ரீவேயைத் தாண்டினால் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சல்ஸ். சீன எழுத்து போய் ஸ்பானிஷ் வந்துவிடும். வண்டிக்கடைகளில் டாகோ, சுவர்களில் மெக்சிகோ ஓவியம், 1,18,000 பேர், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கிறதே தவிர இது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இல்லை, எந்த நகரமும் இல்லை. தனி நகரமாக வேண்டும் என்று 1960களிலிருந்து பலமுறை முயன்றார்கள். கடைசியாக 2012இல், ‘உங்கள் பகுதியில் வரும் வரியை வைத்து ஒரு நகரத்தை நடத்த முடியாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரி எங்கே போயிற்று? அதற்கு இன்னும் கொஞ்சம் தெற்கே போக வேண்டும்.

அடுத்து காமர்ஸ், வெர்னன். பெயரிலேயே தெரிகிறதல்லவா, காமர்ஸ் வணிகத்துக்காகவே உண்டாக்கிய ஊர். வெர்னன் இன்னும் விசித்திரம். 1905இல் ஆலைகளுக்காகவே உண்டாக்கிய நகரம். பகலில் சுமார் 50,000 பேர் வேலைக்கு வருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் குடியிருப்பவர்கள் 222 பேர். வரி தரும் கிடங்கும் ஆலையும் நகர எல்லைக்கு உள்ளே, வேலை செய்கிறவர்கள் எல்லைக்கு வெளியே. கிழக்கே சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி என்று இதே ரகத்தில் இன்னொன்று. 1957இல் அது நகரமாவதற்குச் சட்டப்படி 500 பேர் வேண்டியிருந்தது, ஆள் போதவில்லை. அங்கே இருந்த மனநல விடுதியின் நோயாளிகளையும் குடிமக்களாக எண்ணிக் கணக்கை நிரப்பினார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஊரறிந்த விஷயம். ஈஸ்ட் எல்.ஏ.யின் வரி எங்கே போயிற்று என்று கேட்டால், இந்த மாதிரி வேலிகளுக்குள்.

வேலி வரியைத்தான் தடுத்தது, புகையைத் தடுக்கவில்லை. வெர்னனில் இருந்த ஒரு பேட்டரி மறுசுழற்சி ஆலை 2015இல் மூடப்பட்டபோது, சுற்றியுள்ள மேவுட், பெல், ஈஸ்ட் எல்.ஏ. பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களில் ஈயம் படிந்திருந்தது. அரசு செலவில் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். ஆலையின் வரி ஒரு ஊருக்கு, ஈயம் பக்கத்து ஊருக்கு.

பெல் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்தையாயிரம் பேர்கூட இல்லாத, கூலி வேலைக்காரர்களின் ஊர். அந்த ஊர் நிர்வாக மேலாளர் ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது 2010இல் வெளியே வந்தது. அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளம் 4 லட்சம். எப்படி முடிந்தது? சம்பள வரம்பைத் தளர்த்திய 2005 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேருக்கும் குறைவு. ஊரில் பலர் குடியுரிமை இல்லாதவர்கள், மீதிப்பேருக்கு இரண்டு வேலை, உள்ளூர்ப் பத்திரிகையோ எப்போதோ செத்துப்போயிருந்தது. மேலாளர் சிறைக்குப் போனார். சின்னச் சின்ன நகரமாக வெட்டிக்கொண்டே போனால் ஜனநாயகம் வீட்டுவாசலுக்கு வந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் பெல் கதையைத்தான் எடுத்து விடுவேன்.

அப்புறம் சவுத் கேட். இங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை இருந்தது, ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை இருந்தது. 1960களில் முழுக்க வெள்ளைத் தொழிலாளர் ஊர், யூனியன் சம்பளம், சொந்த வீடு. 1980களின் தொடக்கத்தில் இரண்டு ஆலையும் மூடப்பட்டன. வெள்ளையர்கள் கிளம்பினார்கள், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் அதே வீடுகளில் குடியேறினார்கள். வீடு அதேதான், அந்த வீட்டைச் சம்பாதித்துக் கொடுத்த வேலைதான் இல்லை. முன்பு ஒரு சம்பளம் சுமந்த வீட்டை இன்றைக்கு மூன்று சம்பளம் சேர்ந்து சுமக்கிறது. கார் கொட்டகையையும் அறையாக்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள். தெருவில் நிற்கும் கார்களை எண்ணினாலே தெரிந்துவிடும்.

லின்வுட்டைத் தாண்டினால் காம்ப்டன். உலகம் முழுக்கக் கறுப்பர்களின் ஊர் என்று பெயர் வாங்கிய காம்ப்டனில் இன்றைக்கு மூன்றில் இரண்டு பேருக்கு மேல் லத்தீன் வம்சாவளி. கடைசியில் லாங் பீச். அனஹைம் தெருவைக் கடக்கும் இடத்தில் கம்போடியா டவுன் ஆரம்பிக்கிறது. கம்போடியாவின் கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கெமர் மொழிப் பலகை, நகைக்கடை, டோனட் கடை. மேற்கே திரும்பினால் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாக நிற்கும். ஒரே சாலையில் இத்தனை ஊர், இத்தனை நகரசபை. இவர்களை எல்லாம் கூட்டி வகுத்து எடுத்ததுதான் நீங்கள் படித்த சராசரி.

இனக் கணக்கைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கணக்கெடுப்புப் படிவத்தின் கட்டங்கள் இந்த ஊருக்குப் பொருந்துவதே இல்லை. கிளெண்டேலில் ஆர்மீனியர்கள் பெரிய கூட்டம், வெஸ்ட்வுட் பக்கம் ஈரானியர்கள். இரு தரப்புமே படிவத்தில் ‘வெள்ளையர்’. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிக் கட்டம் என்ற முடிவே 2024இல்தான் வந்தது. ஹிஸ்பானியர் என்ற கட்டத்துக்குள் ஐந்து தலைமுறையாக இங்கே இருப்பவரும், சால்வடோர் போருக்குத் தப்பி 1980களில் வந்தவரும், வீட்டில் ஸ்பானிஷே பேசாமல் சபோடெக் என்ற பூர்வகுடி மொழி பேசும் மெக்சிகோவின் ஒஹாகாக்காரரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான், ‘ஆசிய இந்தியர்’ கட்டத்தில் குஜராத்தியோடும் பஞ்சாபியோடும். நம் ஆட்கள் இங்கே ஓரிடத்தில் குவிந்து கிடக்கவில்லை. காய்கறி, மளிகைக்கு ஆர்டீசியாவின் பயனியர் பொலிவார்ட், கோயிலுக்குக் கலபாசஸ் மலையடிவார வெங்கடேஸ்வரர். இரண்டுக்கும் நடுவில் ஊரின் மறுகோடிக்குப் போவது போல ஒரு பயணம், ஞாயிறு சாயங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆர்டீசியா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்தப் புடவைக்கடை வரிசை இருக்கும் இடம் ஒருகாலத்தில் மாட்டுப்பண்ணை. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் பால் கறந்த ஊர். பக்கத்து செரிட்டோஸுக்குப் பழைய பெயரே டெய்ரி வேலி. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவிலேயே விவசாய வருமானத்தில் முதலிடம் இந்தக் கவுண்டிக்குத்தான் என்றால் நம்புவீர்களா? ஆரஞ்சுத் தோட்டம் எல்லாம் இன்றைக்குத் தெருப் பெயரில் மிச்சம்.

தொழில் என்று கேட்டால் எல்லோரும் சினிமா என்பார்கள். சினிமா உண்டு, ஆனால் அது காட்டுகிற அளவுக்குப் பெரியது இல்லை, இப்போது இளைத்தும்விட்டது. 2023இல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிந்து திரும்பியபோது படப்பிடிப்புகள் பலவும் ஜார்ஜியாவுக்கும் கனடாவுக்கும் போயிருந்தன. நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது தச்சர், தையல்காரர், ஒளி அமைப்பாளர், சாப்பாடு போடுகிறவர். அவர்களை மனதில் வைத்துத்தான் மாநில அரசு 2025இல் வரிச்சலுகையை ஆண்டுக்கு 75 கோடி டாலராக உயர்த்தியது.

உண்மையான தூண்கள் வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகமும் லாங் பீச் துறைமுகமும் ஒரே வளைகுடாவில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இரண்டு நகரங்கள், இரண்டு நிர்வாகம், ஒன்றுக்கொன்று போட்டி. அமெரிக்காவுக்குள் கன்டெய்னரில் வரும் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு வழியாகத்தான். அந்தச் சரக்கை லாரியில் ஏற்றி, கிடங்கில் இறக்கி, பிரித்து அனுப்புவதில் லட்சக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள். நகரின் நடுவில் தையல் தொழில் இன்னும் இருக்கிறது, நாட்டிலேயே அதிகம் இங்கேதான். அதன் மறுபக்கமும் உண்டு: 1995இல் எல் மான்டே என்ற ஊரில், முள்கம்பி வேலி போட்ட குடியிருப்புக்குள் அடைத்துவைத்து வேலை வாங்கப்பட்ட 72 தாய்லாந்துத் தொழிலாளர்களை மீட்டார்கள். ஒரு துண்டுக்கு இத்தனை சென்ட் என்று கூலி கொடுக்கும் முறையைக் கலிபோர்னியா தடைசெய்தது 2021இல்தான்.

விமானத் தொழிலின் கதை இன்னொரு சவுத் கேட். பர்பேங்கில் லாக்ஹீட், லாங் பீச்சில் டக்ளஸ் என்று பனிப்போர் முழுக்க விமானம் செய்தவர்கள், போர் முடிந்ததும் 1990களில் கொத்துக்கொத்தாக வேலை இழந்தார்கள். முழுக்க அழியவில்லை, பாலைவனத்தில் பாம்டேலில் நார்த்ராப் நிறுவனத்தின் குண்டுவீச்சு விமானங்கள் இன்னும் உருவாகின்றன, பாசடீனா ஓரத்தில் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி இருக்கிறது. ஆனால் பட்டம் இல்லாதவர் நல்ல சம்பளம் வாங்கிய அந்த நடுப்படிக்கட்டு போய்விட்டது.

அந்த இடத்துக்கு வந்தது என்ன தெரியுமா? மருத்துவமும் பராமரிப்பும். இன்றைக்கு அதிகம் பேருக்கு வேலை தரும் துறை அதுதான். வீட்டிலேயே முதியவரையோ உடல் ஊனமுற்றவரையோ பார்த்துக்கொள்பவருக்கு அரசே சம்பளம் தரும் திட்டம் ஒன்று உண்டு. பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் மகள், மருமகள், மனைவி. நம்மூரில் ‘கடமை’ என்று சொல்லி முடித்துவிடும் வேலைக்கு இங்கே மணிக்கணக்கில் கூலி. ஆனால் அது குறைந்தபட்சக் கூலியாகவே வெகுகாலம் இருந்தது. 1999இல் இந்தக் கவுண்டியின் 74,000 வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்கள் ஒரே தேர்தலில் யூனியனில் சேர்ந்தார்கள். அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாக இருப்பவர்களை ஒன்று சேர்க்கப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. இந்தக் கவுண்டியின் தொழில் வரலாறு என்று ஒரு படம் எடுக்கச் சொன்னால் நான் ஸ்டூடியோ வாசலில் கேமராவை வைக்கமாட்டேன், ஏதோ ஒரு சமையலறையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் பெண்ணிடம் வைப்பேன்.

இப்போது வீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கவுண்டி அனுப்பும் சொத்துவரிச் சீட்டு வருடத்துக்கு ஒன்று, இரண்டு தவணை: டிசம்பர் 10க்குள் ஒன்று, ஏப்ரல் 10க்குள் ஒன்று. எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, 1950களில் கட்டியது. ஆனால் வரி ஒன்றாக இருக்காது. 1978இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 13ஆம் பிரேரணை என்ற சட்டத்தின்படி, வீட்டை வாங்கிய விலையில் ஒரு சதவீதம்தான் வரி. மதிப்பை வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. வீடு கைமாறினால்தான் புது மதிப்பு. கணக்குப் போடுங்கள். 1975இல் 50,000 டாலராக இருந்த வீடு, இரண்டு சதவீதமாக ஐம்பது வருடம் ஏறினாலும் காகிதத்தில் 1,35,000 டாலரைத் தொடாது. வரி ஆண்டுக்கு ஆயிரத்து முந்நூறு சொச்சம். பக்கத்து வீட்டை 9 லட்சத்துக்கு வாங்கியவர் 9,000 டாலர் கட்டுகிறார், சில்லறைக் கட்டணங்கள் தனி. அதே சுவர், அதே கூரை, அதே குப்பை வண்டி.

வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கும் நிலை வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த சட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் யாரும் வீட்டை விற்பதில்லை. புதிதாகக் கட்ட நினைத்தால், ஏற்கெனவே இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து ‘எங்கள் தெருவின் தன்மை போய்விடும்’ என்று தடுத்துவிடுகிறார்கள். ஆக, சொந்த வீடு இருப்பவர்கள் 46 சதவீதம்தான், மீதிப்பேர் வாடகை. அந்த வாடகையையும் சேர்த்து ஏழ்மையை அளந்தால் மாநிலத்திலேயே மோசமான கவுண்டிகளின் வரிசையில் இதுவும் நிற்கும்.

தெருவில் படுப்பவர்களைப் பற்றிக் கேட்காமலே விட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் மகள் போன முதல் நாளே பார்ப்பாள். பயந்துவிடுவாள் என்பதால் சொல்கிறேன். 2023 ஜனவரிக் கணக்கில் கவுண்டி முழுக்க 75,518 பேர் வீடில்லாதவர்கள். 2025இல் அது 72,308 ஆகக் குறைந்தது. போதை, மனநோய் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டும் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவின் மற்ற ஊர்களிலும் அவை உண்டு. அங்கே வாடகை இவ்வளவு இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து காரில் தூங்குகிறவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் 8 சதவீதம், வீடற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. இதற்காகவே 2017இலிருந்து விற்பனை வரியில் கால் சதவீதம் ஒதுக்கினார்கள், 2024இல் மக்கள் அதை அரை சதவீதமாக்கினார்கள். திட்டுவார்கள், ஆனாலும் கொடுப்பார்கள்.

அந்தக் கறுப்பினக் கணக்கின் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. இந்த நிலத்தை வெள்ளையருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த காலம். 1948இல் உச்ச நீதிமன்றம் அந்த ஷரத்துக்கு வலு இல்லை என்றது. அதன் பிறகும் வங்கி கடன் கொடுக்காது. கொஞ்சம் கதவு திறந்திருந்த இடங்களில் ஒன்று மலையடிவாரத்தில் உள்ள ஆல்டடீனா, அதிலும் லேக் அவென்யூவுக்கு மேற்கே. அஞ்சல்காரரும் ஆசிரியரும் நர்சும் அங்கே வீடு வாங்கினார்கள். அங்குள்ள கறுப்பினக் குடும்பங்களில் முக்கால்வாசிக்கு மேல் சொந்த வீட்டில் இருந்தன. நாட்டிலேயே அபூர்வம் அது.

2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் என்று பெயர் வைத்த காட்டுத்தீ மலையிலிருந்து இறங்கியது. 9,000 கட்டடங்களுக்கு மேல் அழிந்தன. 19 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் லேக் அவென்யூவுக்கு மேற்கே. கிழக்குப் பக்கம் வெளியேறச் சொல்லிச் சாயங்காலமே செய்தி போயிற்று. மேற்குப் பக்கத்துக்குப் போனது அதிகாலை மூன்று மணிக்கு மேல். ஆல்டடீனா எந்த நகரத்திலும் சேராத ஊர் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். சட்டையைப் பிடித்துக் கேட்க அவர்களுக்கு மேயர் இல்லை. 20 லட்சம் பேருக்குப் பொதுவான ஒரு சூப்பர்வைசர்தான் இருந்தார். காப்பீட்டுத் தொகை பத்தாமல், தாத்தா வாங்கிய மனையை விற்றுவிட்டுப் போவதா இருப்பதா என்ற பேச்சு அங்கே இன்னும் ஓயவில்லை.

ஆள் குறைவதும் வயது ஏறுவதும் இங்கே இப்போது பெரிய விஷயம். 1990இல் ஒரு வருடத்தில் இங்கே பிறந்த குழந்தைகள் 2 லட்சத்துக்கு மேல். இப்போது ஒரு லட்சத்துக்கும் கீழே. லாஸ் ஏஞ்சல்ஸ் யூனிஃபைட் என்ற அரசுப் பள்ளி அமைப்பில் 2000களின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள், இன்றைக்கு 4 லட்சத்தை ஒட்டி. வகுப்பறை போதாமல் அவசர அவசரமாகக் கட்டிய பள்ளிகளில் இன்று வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. இளம் குடும்பங்கள் கிழக்கே ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பக்கமும், டெக்சாஸ், நெவாடாவுக்கும் போகிறார்கள். போனவர்கள் ஊரை வெறுத்துப் போகவில்லை. தீபாவளிக்கு ஆர்டீசியாவுக்கு வந்து நிற்பார்கள்.

உங்கள் மகளுக்கு உபயோகமான ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். வீடு பார்க்கும்போது முகவரியில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ்’ என்று போட்டிருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது அஞ்சல் துறை வைத்த பெயர், ஈஸ்ட் எல்.ஏ. வீட்டுக்கும் அதுதான் வரும். அந்த வீடு எந்த நகரத்தின் எல்லைக்குள் இருக்கிறது, அல்லது எதிலும் இல்லையா என்று வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் 1978 அக்டோபருக்கு முன் கட்டிய அடுக்குமாடி என்றால் வருடத்துக்கு வாடகை இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு. எந்த நகரத்திலும் சேராத பகுதிக்குக் கவுண்டியின் வரம்பு தனி. சாலைக்கு எதிர்ப்பக்கம் வேறு நகரம் என்றால் அங்கே விதி வேறு. குறைந்தபட்சக் கூலியே 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மணிக்கு 17.87 டாலர், கவுண்டியின் நேரடிப் பகுதிகளில் 17.81, மாநில அளவு 16.50 என்று இருந்தது. திருடன் வந்தால் கூப்பிடும் எண் எங்கும் 911தான். ஆனால் வருகிறவர் நகரப் போலீசா ஷெரிப்பின் ஆளா என்பதும் அந்தக் கோட்டைப் பொறுத்தது. 42 நகரங்கள் தனிப் போலீஸ் வைக்காமல் ஷெரிப்பையே ஒப்பந்தத்தில் எடுத்திருக்கின்றன. வீடு கிடைத்ததும் முகவரியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.